கவிழ்க்காத ஜாடி

ஜாதல்லாவின் வீட்டுச் சுவரோரம், வேப்பமர நிழலில், அடி கூம்பிய இரண்டு மண்ஜாடிகள் இரும்புச் சட்டத்தில் நிற்கும். மேலே பலகை மூடி. மூடியில் சங்கிலி கோத்த தகரக் குவளை. அவருடைய மனைவி நிமாத் காய்ச்சலில் இறந்த வருஷம் அவள் பேரில் வைத்தது. செத்தவர் பேரில் தெருவில் தண்ணீர் வைப்பது நைல் கரையில் எங்கள் பஹ்ரி ஊரில் புதிதல்ல. வசதி உள்ளவன் குளிர்பெட்டி வைப்பான், இல்லாதவன் ஜாடி வைப்பான். குடிக்கிறவன் வாயைத் துடைத்துக்கொண்டு, ‘அல்லாஹ் அவளுக்கு இரங்கட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். தண்ணீருக்கு அதுதான் கூலி. அந்தக் கூலி நேராக நிமாத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் ஜாதல்லாவுக்குச் சந்தேகமே கிடையாது.

குவளையின் பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்து இருக்கும்: நிமாத். அவரே கீறியது. புஸைனா டீச்சர் சாயங்காலங்களில் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். செங்கல் சுமந்த நானும் தண்ணீர் வண்டி ஓட்டிய ஜாதல்லாவும் ஒரே பெஞ்சு. நான் தட்டுத்தடுமாறிக் கடைசிவரை போனேன். அவர் மனைவி பெயர் எழுத வந்ததும் நின்றுவிட்டார். வேறு யாருக்கு எழுதப்போகிறேன் என்றார்.

அவருடைய கழுதைக்கு மந்திரி என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், நின்ற இடத்தில் நிற்கும், தீனி மட்டும் நேரத்துக்குக் கேட்கும் என்பார். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்கூடப் புது ஆள் யாராவது வந்தால் கேட்கச் சொல்லித் தூண்டிவிடுவார்கள்.

நோன்பு மாதத்தில் சண்டை வந்தது. கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். வெளியூரில் உறவு வைத்திருந்தவர்கள் போனார்கள். மிச்சம் நின்றது நாங்கள். எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் நைல் பாலம், மறுபக்கம் பழைய மாவு மில். பாலத்தைப் பிடித்தவர்களைப் பாலத்துக்காரர்கள் என்போம், மில்லுக்குள் இருந்தவர்களை மில்லுக்காரர்கள் என்போம். இரண்டு பேருக்கும் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. அவற்றைத் தெருவில் வாய்விட்டுச் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டோம். முதலில் எங்கள் தெரு பாலத்துக்காரர்கள் கையில் இருந்தது. ஜாதல்லா வீட்டுக்கு எதிரே பூட்டிக்கிடந்த டயர் கடைதான் அவர்களுடைய காவல்.

கால்பந்து கிளப்பின் முற்றத்தில் அடுப்பு மூட்டியது முஜ்தபா. புஸைனா டீச்சரின் ஒரே மகன். பொறியியல் கடைசி வருஷத்தில் சண்டை வந்து படிப்பு நின்றுபோனவன். அவனும் இக்லாஸும் சேர்ந்து தொடங்கினார்கள். இக்லாஸ் பஸ் நிலையத்தில் டீ விற்றவள். எந்தச் சிப்பாயையும், எந்த போலீஸ்காரனையும் பார்வையாலேயே உட்காரவைக்கத் தெரிந்தவள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் முஜ்தபாவின் கைப்பேசிக்குப் பணம் அனுப்புவார்கள். பருப்பும் சோளமாவும் எப்படியோ வந்து சேரும். ‘அவசர அறை’ என்று பெயர் வைத்தார்கள். அறை என்று ஒன்றும் கிடையாது. முற்றமும், அடுப்பும், அடுப்பில் விறகு தள்ள நானும்தான். பசித்த வீடு எல்லாவற்றுக்கும் களியும் பருப்பும் போயிற்று. காயம்பட்டவனைத் தூக்கிப்போவது, செத்தவனை அடக்குவது, குண்டு விழும் நாளில் எந்தத் தெரு வழியாகப் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று பார்த்துவருவது, எல்லாம் அந்த முற்றத்திலிருந்துதான். தண்ணீர் ஜாதல்லாவின் பொறுப்பு. பள்ளிவாசல் கிணற்றிலிருந்து பீப்பாயில் நிரப்பி, மந்திரியை அதட்டிக்கொண்டே காலையிலும் மாலையிலும் வருவார். யாரிடமும் காசு வாங்கவில்லை.

அடுத்த பேட்டையில் ஒரு சமையல் நடந்தது. அங்கே துப்பாக்கிக்காரன் ஒருவன் வந்து தட்டு நீட்டினான், போட்டார்கள். போடாமல் என்ன செய்வது. பிறகு அந்தப் பேட்டை கைமாறியது. வந்தவர்கள், எதிரிக்குச் சோறு போட்டாய் என்று சமைத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று முஜ்தபா எங்களை உட்காரவைத்துப் பேசினான். நம் கையால் துப்பாக்கி வைத்திருப்பவன் எவனுக்கும் பருக்கை போகக்கூடாது, சொட்டு போகக்கூடாது. இன்று இருப்பவனுக்குக் கொடுத்தால் நாளை வருபவன் கேட்பான். நம்மில் ஒருவனைப் பிடித்தால் அடுப்பு அணைந்துவிடும், அடுப்பு அணைந்தால் இத்தனை வீடும் பட்டினி. எல்லோரும் தலையாட்டினோம். அதற்கப்புறம்தான் தயங்கித் தயங்கி, தெருவில் இருக்கிற தண்ணீர் ஜாடிகளையும் சண்டை முடியும்வரை கவிழ்த்துவைத்துவிடலாம் என்றான். தெருவில் மற்ற ஜாடிகள் எல்லாம் எப்போதோ உடைந்துபோயிருந்தன. அவன் யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜாதல்லா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

“ஜாடிக்குக் கை இல்லப்பா முஜ்தபா. அது யாருக்கும் குடுக்கல. தாகம் வந்து எடுத்துக்குது.”

“எனக்குத் தெரியும் பெரியப்பா. கேக்குறவனுக்குத் தெரியாதே.”

“தண்ணி குடுத்தான்னு ஒருத்தனப் புடிப்பாங்களா?”

“புடிக்கிறாங்களே,” என்றாள் இக்லாஸ். “புடிக்கிறதுக்குக் காரணம் வேணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

அன்று ஜாதல்லா போய் ஒரு ஜாடியைக் கவிழ்த்தார். கூம்பிய அடி வானத்தைப் பார்த்து நின்றது. இரண்டாவதைச் சட்டத்திலிருந்து பாதி தூக்கினார். அதில் தண்ணீர் பாதிக்குமேல் இருந்தது. தண்ணீரை மண்ணில் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. இது தீரட்டும், அப்புறம் கவிழ்க்கிறேன் என்று என்னிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தீர்ந்தது. மறுநாள் கிணற்றிலிருந்து வரும் வழியில் வண்டி தானாக நின்றதுபோல அங்கே நின்றது. ஒரு குடம் ஊற்றினார். என்னைப் பார்த்தார். நான் மந்திரியின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அந்தக் கோடையில் வடக்கே இருந்து குடும்பம் குடும்பமாக எங்கள் தெரு வழியாக நடந்து வந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. குழாய் எல்லாம் செத்துக்கிடந்த ஊரில் அந்த ஒற்றை ஜாடியைக் கண்டதும் ஓடிவருவார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் உதட்டைக் குவளைத் தண்ணீரால் நனைத்து நனைத்து, அது கண் திறந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். எதிரே டயர் கடையிலிருந்தும் வருவார்கள். மீசை சரியாக முளைக்காத ஒருவன், தோளில் துப்பாக்கியோடு குனிந்து மொண்டு குடித்துவிட்டு, குவளையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, “அல்லாஹ் நிமாத்துக்கு இரங்கட்டும்” என்று சொல்லிப் போனான். அன்று சாயங்காலம் ஜாதல்லாவின் முகம் மலர்ந்திருந்தது.

“இன்னிக்கு அவளுக்கு நெறைய சேந்துருக்கும்யா,” என்றார்.

முஜ்தபாவுக்குத் தெரியும். ஒருநாள் அந்த வழியாக வந்தவன் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள்போல நின்றோம். அவன் மூடியைத் திரும்ப வைத்தான். “நல்லா மூடி வைங்க பெரியப்பா, தூசி விழுது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஜாதல்லா கவிழ்த்திருப்பார். இதை இப்போது நான் சொல்வது எளிது. அன்றைக்கு எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

மழைக்கு முன்னால் ஒருநாள் குவளையைக் காணோம். சங்கிலியோடு யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். ஜாதல்லா ஒரு பழைய பால்மாவு டப்பாவை வைத்தார். அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

குளிர்காலத்தில் தெரு கைமாறியது. பாலத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். காலையில் மில்லுக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து குலவையிட்டார்கள். இக்லாஸ் எங்கிருந்தோ ஒளித்துவைத்திருந்த சர்க்கரையை எடுத்து இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்தாள். துப்பாக்கிக்காரனுக்குச் சொட்டு போகக்கூடாது என்ற பேச்சை அன்று யாரும் நினைக்கவில்லை. முஜ்தபாதான் நினைத்தான். டீயை முற்றத்துக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னான். இக்லாஸ் முணுமுணுத்துக்கொண்டே சொன்னபடி செய்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், தூங்காத கண். மத்தியானம், முற்றத்தில் பாத்திரங்களோடு வரிசை நின்றது. அவர் கையில் குவளை இருந்தது. சங்கிலி அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

டயர் கடையில் கிடந்ததாம். பாலத்துக்காரர்கள் படுத்திருந்த இடத்தில். அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

“இது யாரோடது?”

யாரும் பேசவில்லை.

“நிமாத்துன்னு எழுதிருக்கு. நிமாத் யாரு?”

அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் நிமாத்தைத் தெரியும். அவள் பிசைந்த மாவில் வயிறு வளர்த்தவர்கள் அதில் இருந்தார்கள். அவளைக் குளிப்பாட்டி அடக்கம் செய்த பெண்கள் இருந்தார்கள். அந்தக் குவளையில் குடிக்காத வாய் ஒன்றுகூட அங்கே இல்லை. ஜாதல்லா வண்டியருகே மந்திரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். நான் அதைப் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அதிலிருந்து காற்றுகூட வரவில்லை. நான் அடுப்படியில் நின்றேன். என் வாய் திறக்கவே இல்லை.

அதிகாரி மெதுவாகச் சொன்னார்: “எதிரிக்குத் தண்ணி குடுத்து வளத்தவன் யாருன்னு தெரியாம நான் போகப்போறதில்ல. வேணும்னா இந்த அடுப்ப மூடிட்டு எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்.”

முஜ்தபா மாவுக் கையில் துடுப்போடு முன்னால் வந்தான்.

“நிமாத் எங்கம்மா பேரு. நான்தான் வெச்சேன்.”

“அவனுங்களுக்கா?”

“தெருவுல போறவங்களுக்கு.”

“தெருவுல போனது அவனுங்கதான?”

முஜ்தபா திரும்பி, கையிலிருந்த பெரிய துடுப்பை என்னிடம் நீட்டினான். “பருப்பு அடி புடிக்குது, கிண்டுங்க,” என்றான். அதிகாரியின் வண்டியில் ஏறினான். வண்டி போயிற்று.

நான் கிண்டினேன். அன்று நான் செய்த காரியம் அதுதான். வரிசை நகர்ந்தது. எல்லோரும் வாங்கிக்கொண்டு போனோம், எல்லோரும் தின்றோம்.

புஸைனா டீச்சர் அன்று கிளப்புக்கு வரவில்லை, முழங்கால் வலி. இக்லாஸ்தான் போய்ச் சொன்னாள். மகன் என்ன சொன்னான் என்று ஒன்றுவிடாமல் கேட்டார்களாம். இவள் சொன்னாளாம். டீச்சர் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நாளைக்கு மில்லுக்குப் போகவேண்டும், ஜாதல்லாவின் வண்டி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்களாம்.

அதன்பிறகு நாள் தவறாமல் அது நடந்தது. டீச்சர் வண்டியின் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்காருவார்கள், மடியில் தூக்குச்சட்டி. ஜாதல்லா நடந்துகொண்டு ஓட்டுவார். மில் வாசலில் காவல்காரர்கள் சட்டியை வாங்கிக்கொள்வார்கள். உள்ளே போய்ச் சேருகிறதா என்று யாருக்குத் தெரியும். மறுநாள் வெறும் சட்டி வரும். காவல்காரர்களுக்குத் தாகம். பீப்பாயைத் தட்டுவார்கள். ஜாதல்லா குழாயைத் திறந்துவிடுவார். எந்தக் குற்றத்துக்காக உள்ளே ஒருவன் கிடந்தானோ, அதே காரியத்தை வாசலில் நின்று இவர் தினமும் செய்துகொண்டிருந்தார். இப்போது அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

வழியில் டீச்சர் என்ன பேசுவார்கள் என்று ஜாதல்லாவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை, பழைய வகுப்பைப் பற்றித்தான் என்றார். நீ எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாயே என்று சிரித்தார்களாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர்கள் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

“நீயாச்சும் அன்னிக்குச் சொல்லிருக்கலாம்ல,” என்றார் திடீரென்று.

“நான் என்ன சொல்றது? உன்னையக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?”

“காட்டிக்குடுத்துருக்கணும்யா. நீ எனக்கு நல்லது செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்க.”

எனக்குக் கோபம் வந்தது. உன் வாய் திறந்துதானே இருந்தது என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. என்னுடையது திறக்கக்கூட இல்லையே.

முஜ்தபா இல்லாமல் அடுப்பு தள்ளாடியது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்கு அவன் குரல்தான் பழக்கம். புது ஆளை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். இக்லாஸ் கைப்பேசியில் கத்திக் கத்தி ஒரு பாதியை வரவழைத்தாள். பருப்பில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. வரிசையில் நிற்பவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லமாட்டார்கள். முன்பெல்லாம் உப்பு குறைந்தால் கத்துகிற சனங்கள்.

ஒரு காலையில் இக்லாஸ் விறகைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

“வாய் நெறையத் தண்ணிய வெச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க ரெண்டு பேரும். ஒண்ணு முழுங்குங்க, இல்ல துப்புங்க. எனக்கு உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் களி கிண்ட முடியல.”

ஜாதல்லா போய் வண்டியைப் பூட்டினார். பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் எதற்கு என்றேன்.

“நான் உள்ள போயிட்டு வரலைன்னா மந்திரிய ஓட்டிட்டு வர ஆள் வேணும். டீச்சரையும் வீட்டுல சேக்கணும். கெணத்துல காலைல கூட்டம் இல்லாதப்பவே நெரப்பிக்க. எடது பக்கச் சக்கரம் எண்ண கேக்குது, பாத்துக்க.”

நானும் ஏறிக்கொண்டேன். டீச்சர் வழக்கம்போல ஓரத்தில். தெரு முனையில் இடிந்த வீடுகள் முடியும் இடத்தில் ஜாதல்லா வண்டியை நிறுத்தினார். மந்திரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே, டீச்சரைப் பார்க்காமல் சொன்னார்.

“டீச்சர், அந்த ஜாடி என்னோடது.”

“தெரியும்.”

“கவுத்து வெக்கச் சொன்னான். நான் கவுக்கல.”

“அதுவும் தெரியும். எம்பேரு புஸைனா, ஜாதல்லா. என் மகனுக்கு அது மறந்துபோகல.” கொஞ்சம் நிறுத்தி, “உன் எழுத்து எனக்குத் தெரியாதா. அத நான்தான சொல்லிக்குடுத்தேன்,” என்றார்கள்.

“அப்ப ஏன் கேக்கல?”

“நான் கேட்டு நீ சொன்னா, எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும். நீயா சொல்லுவேன்னு தெனம் இந்த வண்டியில ஏறினேன். தெனம் எறங்கினேன்.”

அதில் திட்டு இல்லை. திட்டு இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது இருந்திருக்கும். ஜாதல்லா கழுதையைத் தட்டினார். மில்வரைக்கும் சக்கரம் கிறீச்சிட்ட சத்தம் மட்டும்தான். எண்ணெய் வேண்டும் என்று அவர் சொன்னது சரிதான்.

வாசலில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தலைப்பாகையை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டு போனார், கல்யாணத்துக்குப் போகிறவர்போல. நானும் டீச்சரும் சுவர் நிழலில் நின்றோம். டீச்சர் சட்டியைக் கீழே வைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் எழுத்தும் அவர்களுக்குத் தெரியும், என் மௌனமும் தெரியும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நிழல் சுவரை விட்டு நகர்ந்து எங்கள் கால்மேல் வெயில் ஏறியது.

ஜாதல்லா வெளியே வந்தார். கையில் குவளை.

உள்ளே என்ன நடந்தது என்பதை வாசலிலேயே சொன்னார். அந்த அதிகாரிதான் இருந்தாராம். குவளை மேசைமேல் பேனா போட்டுவைக்கும் பாத்திரமாக இருந்ததாம். இவர் எல்லாவற்றையும் சொன்னார்: ஜாடி என்னுடையது, நிமாத் என் மனைவி, அவன் கவிழ்க்கச் சொன்னான், நான் ஊற்றினேன், அவன் பொய் சொல்லி எங்களைக் காப்பாற்றினான், அவனை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாராம். முஜ்தபா இங்கே இல்லை என்றாராம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் அனுப்பிவைத்த கைதிக் கூட்டத்தோடு அவனும் போய்விட்டான். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் என்னால் விடுவிக்க முடியாது, எனக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்றாராம்.

“அன்னிக்கே அந்த முத்தத்துல இதச் சொல்லிருந்தா, ஒரு அறை குடுத்து ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிருப்பேன்யான்னு சொன்னாரு,” என்றார் ஜாதல்லா. “கெழவன், பொண்டாட்டி பேருல தண்ணி வெச்சிருக்கான்னு சொன்னா எனக்குப் புரியாதா, எங்கம்மா பேருலயும் ஊர்ல ஜாடி இருக்குன்னு சொன்னாரு.”

அது மெய்யா, எங்களை வதைக்கச் சொன்னதா, தெரியவில்லை. அடுத்த பேட்டைக்காரர்களை யாரும் ஓர் அறையோடு விட்டதாக நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வார்த்தை ஜாதல்லாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்குள்ளும்தான். இவரை வைத்துக்கொள்ளக்கூட அதிகாரிக்கு மனமில்லை. உன்னைப் பிடித்தால் உன் தெருவுக்குத் தண்ணீர் யார் கொண்டுபோவது என்று கேட்டு, பேனாக்களை எடுத்துவிட்டுக் குவளையைக் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

டீச்சர் கேட்டார்கள்: “எப்ப அனுப்பினாங்களாம்?”

ஜாதல்லா தரையைப் பார்த்தார். “புடிச்ச அடுத்த வாரம்.”

அப்படியானால் இத்தனை நாளாகச் சட்டியில் போன சாப்பாடு யாருக்கோ. டீச்சர் சட்டியின் மூடியை ஒருமுறை சரிசெய்தார்கள். பிறகு அதைக் காவல்காரனிடமே நீட்டினார்கள். அவன் வாங்கத் தயங்கினான். “பிடி தம்பி. தெனம் நீதான சாப்பிட்ட,” என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான். சாப்பாடு சூடாக இருந்தது. அவன் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

இன்னொரு காவல்காரன் இதெல்லாம் புரியாமல் பீப்பாயைத் தட்டினான். ஜாதல்லா குவளையில் பிடித்துக் கொடுத்தார். கை தானாகச் செய்தது. அவன் குடித்து, பெயரைப் பார்த்து, வழக்கப்படி, “அல்லாஹ் நிமாத்துக்கு இரங்கட்டும்” என்றான். ஜாதல்லாவின் முகம் அப்போது மலரவில்லை. அந்த வார்த்தை கேட்டு அவர் முகம் சுருங்கியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“இன்னொரு பேருக்கும் சொல்லு,” என்றார்.

“யாருக்கு?”

“முஜ்தபா.”

“அல்லாஹ் முஜ்தபாவுக்கும்…”

“அது செத்தவங்களுக்குச் சொல்றது தம்பி,” என்று டீச்சர் நடுவில் தடுத்தார்கள். “எம்புள்ளைக்கு வேற ஏதாச்சும் சொல்லு.”

அவன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். கடைசியில், “வீட்டுக்கு வரட்டும்,” என்றான்.

அதோடு திரும்பினோம். டீச்சர் ஜாதல்லாவை நடக்கவேண்டாம், வண்டியில் உட்கார் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் ஜாதல்லா இரண்டாவது ஜாடியையும் கவிழ்க்கப் போனார். மிச்சமிருந்த தண்ணீரை இந்தமுறை மண்ணில் கொட்டத் துணிந்துவிட்டார். ஜாடியைச் சட்டத்திலிருந்து தூக்கியபோது இக்லாஸ் கிளப்பிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். வைங்க அதை என்றாள். அவர் வைத்தார். அவள் தன் செம்பை அதில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் வீட்டுக்குப் போய் என் பங்குத் தண்ணீரில் ஒரு குவளை கொண்டுவந்து ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளும் வந்தாள்.

இப்போது அதை யாரும் தனியாக நிரப்புவதில்லை. கிளப்பில் சாப்பாடு வாங்க வருகிற வீடு ஒவ்வொன்றும் வழியில் ஒரு கை ஊற்றிவிட்டுப் போகிறது. யாரும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை. ஊற்றாமல் போகிறவர்களும் உண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டு விரைவாக நடப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. கவிழ்த்த ஜாடியையும் இக்லாஸ் நிமிர்த்திவிட்டாள். நாளை தெரு மறுபடி கைமாறலாம். யார் வந்து இந்தத் தண்ணீரை யார் வைத்தது என்று கேட்டாலும், இந்தத் தெருவையே கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கும். அடுப்பும் அணையலாம், முஜ்தபா எதற்குப் பயந்தானோ அது நடக்கலாம். தெரிந்துதான் ஊற்றுகிறோம்.

இதை அன்றைக்கே செய்திருக்கலாம். முற்றத்தில் அத்தனை பேர் நின்றோம். ஆளுக்கொரு வாய் ‘நான்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஜாடியில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொருவரும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்பது முகத்தில் தெரியும். யாரும் நின்று பேசுவதில்லை.

குவளை பழையபடி மூடிமேல் இருக்கிறது. ஜாதல்லா அதில் குடிப்பதில்லை, கையால் ஏந்திக் குடிக்கிறார். குடிக்க வருகிறவர்கள் நிமாத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் அதன்பிறகு, ‘அவன் வீட்டுக்கு வரட்டும்’ என்று சேர்த்துக்கொள்கிறோம்.

புஸைனா டீச்சர் எல்லோரும் போனபிறகு வருவார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, கையில் சின்னக் கூஜா. ஊற்றிவிட்டு மூடியைத் தூசி விழாமல் நன்றாக மூடிவைப்பார்கள். அடுப்படியில் நான் நிற்பது அங்கிருந்து தெரியும். ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நான் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கிண்டிக்கொண்டிருப்பேன், பருப்பு அடி பிடிக்காமல்.